மூன்று நாள் மிதிக்காதீர்கள்

வெப்சைட் செய்ய உட்காரும் முன் லேப்டாப்பின் மேல் ரசமட்டத்தை வைத்து, அதன் காற்றுக்குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் அமெரிக்காவில் இல்லை, பெங்களூரிலும் இல்லை. ஆலங்காயத்தில், விதைக்கடை மாடியில் இருக்கும் என் ஆபீஸில், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குமிழி கொஞ்சம் ஒதுங்கி நின்றால் என்னுடைய விசிட்டிங் கார்டை நாலாக மடித்து லேப்டாப்புக்கு அண்டை கொடுப்பார். நான் ஆசையாக அச்சடித்து வைத்திருந்த கார்டுகளில் பாதி அப்படித்தான் தீர்ந்தன.

"மட்டம் இல்லாத எடத்துல கட்டுனா பக்கம் சாயும் சார்" என்பார்.

"லேப்டாப் சாஞ்சா வெப்சைட் சாயாது மேஸ்திரி."

"இப்ப சொல்வீங்க. நாளைக்குச் சாஞ்சா யாரு பதில் சொல்றது?"

அவருக்கு ஆதார் அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்கு அவர் ரசமட்டம். டைல்ஸ் மேஸ்திரி. ஆலங்காயம், ஒடுகத்தூர் வட்டாரத்தில் பதினேழு வருடம் வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தரை போட்டவர். கையில் அந்த ரசமட்டம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தன் கல்யாணத்தன்று மணமேடையில் அதை வைத்துப் பார்த்து, மேடை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று தாலி கட்டாமல் நின்றவர் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் இது உண்மையா என்று கேட்டேன். "மேடைய சரி பண்ணிட்டுத்தான் கட்னாரு" என்றார்.

என் ஆபீஸுக்கும் அவர் தரை போடத்தான் வந்தார். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப். முதலாளியும் நான், வேலையாளும் நான். ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் அவர் டைல்ஸ் பதித்துக்கொண்டிருக்க, இன்னொரு மூலையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை செய்தேன் என்பது பேச்சுக்கு. உண்மையில் அவர் தலைமேலேயே நின்று, "இது கோணலா இருக்கே, அது கோணலா இருக்கே" என்று உபத்திரவம் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். ஈரக்கையால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"சார், இந்த நாலாவது கட்டம் லைன்ல இல்ல."

"எல்லாம் லைன்லதான் இருக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"கால் நூல் கீழ கீது சார்."

கோபத்தோடு அளந்து பார்த்தேன். மேஸ்திரிகளுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எங்களுக்குக் கணக்கு பிக்ஸல், அதாவது திரையில் இருக்கும் மிகச் சின்னப் புள்ளி. நாலாவது கட்டம் நிஜமாகவே மூன்று பிக்ஸல் கீழே இருந்தது. ஐந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் நான். எனக்கு வந்த அவமானத்தில் அவருக்கு டீ வாங்கித் தரக்கூட மறந்துவிட்டேன்.

அதோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். முட்டி முடியவிடவில்லை. பதினேழு வருடம் தரையில் குந்தி வேலை செய்த முட்டி, ஒருநாள் காலையில் மடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்றார். மறுநாள் மடங்காத காலை இழுத்துக்கொண்டே என் மாடிப்படி ஏறி வந்தார்.

"சார், எனக்கு நாற்காலில குந்திப் பாக்குற வேல ஒண்ணு வேணும். சம்பள வேல. நீங்க பண்றதப் பாத்தேன். கட்டம் கட்டமா அடுக்குறதுதானே? தரையில அடுக்குனத இனிமே செவுத்துல அடுக்குறேன்."

நான் சிரித்தேன். ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. "முட்டி போச்சு, சரி. மூளையும் கூடவே போச்சா?" என்று கேட்டாராம். மேஸ்திரி பத்தாவது வரைதான் படித்தவர். வயது நாற்பதை நெருங்குகிறது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். வேறு வேலை எதற்கும் அந்த முட்டி ஒத்துக்கொள்ளாது. இது கிடைக்காவிட்டால் மறுபடியும் தரைதான், அப்புறம் கம்புதான். அவர் அதைத் தெரிந்துதான் வந்திருந்தார். எனக்குத்தான் அது புரிய நாளாயிற்று.

அவர் படித்த பள்ளிக்கூடம் ஒரு கொண்டை ஊசி வளைவு. அவர் வீடு ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் ரோட்டில், மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் வராது. மூன்றாவது வளைவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் நன்றாக வரும். காலை நீட்டி உட்காரவும் அந்தச் சுவர் வாகு. தினமும் காலையில் பலாமரத்து நிழல் விழும்வரை அங்கேயே உட்கார்ந்து போனில் பாடம் பார்ப்பார். எல்லாம் ஆங்கில வீடியோக்கள். வேகம் பிடிபடாததால் பாதி வேகத்தில் ஓடவிடுவார். சொல்லித்தரும் வெள்ளைக்காரர் அதனால் நாலு குவார்ட்டர் அடித்தவர் போலப் பேசுவார். பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, மேஸ்திரி முட்டி வலியில் குடிகாரர்களோடு சகவாசம் வைத்துக்கொண்டார் என்று ஊருக்குள் சொன்னார்கள்.

ஆனால் அவருக்குப் பாடம் ஏறியது. அவருடைய வழியில் ஏறியது. வெப்சைட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் பாகத்தைச் செய்கிறவருக்கு ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர் என்று பெயர் என்றேன். பின்னால் ஓடும் கணக்கு வழக்கெல்லாம் வேறு ஆளின் பாடு.

"புரியுது சார். நாம தரை, செவுரு. ஒயரிங்கும் பிளம்பிங்கும் வேற ஆளு."

இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கம்ப்யூட்டரில் அகலமாகத் தெரியும் பக்கம் போனில் பார்த்தால் ஒடுங்க வேண்டும். பட்டம் வாங்கியவர்களே தடுமாறும் இடம் இது. அவர் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். "போனுன்றது பத்துக்கு அறுபது மனைங்க. குறுகலு. ரூமெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துதானே ஆவணும்?"

வாஸ்து இல்லாமல் மட்டும் ஒரு பக்கம்கூடச் செய்ய மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டதற்கு, "சாமி மனுசனுக்கு சார், வாஸ்து மனைக்கு" என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். திரையின் மேல்புறம் வடக்கு. வலது மேல் மூலை ஈசானியம், அங்கே பளு கூடாது. இடது கீழ் மூலை கன்னி மூலை, முகவரி மாதிரி கனமான சங்கதியெல்லாம் அங்கே. வாடிக்கையாளர் புகார் சொல்லும் பட்டனை வலது கீழ் மூலையில்தான் வைப்பார். அது அக்னி மூலை. "திட்ட வர்றவன் சூடாத்தானே வருவான்? அவன அங்க குந்த வைங்க." உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகளும் அந்தப் பட்டனை அங்கேதான் வைக்கின்றன. ஏனென்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் தனியாகச் செய்த முதல் வெப்சைட், கீழே விதைக்கடை வைத்திருக்கும் பாயினுடையது. முடித்த அன்றே பாய் ஆசையோடு மாடிக்கு வந்தார். ரசமட்டம் கையை விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார்.

"பாய், மூணு நாள் ஆவும். செட் ஆவணும்."

"இன்னா மேஸ்திரி, கம்ப்யூட்டர்ல இன்னா செட் ஆவணும்?"

"புதுசா போட்ட எதையும் உடனே மிதிக்கக் கூடாது பாய். மூணு நாள் யாரும் க்ளிக் பண்ண வேணாம்."

பாய் அவர் கையால் தரை போட்டுக்கொண்டவர்களில் ஒருவர். அதனால் தலையாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் விடவில்லை. திறந்து பார்த்தேன். பக்கம் முழுவதும் மஞ்சள் பட்டையில், "ஈரம் காயவில்லை. மூன்று நாள் மிதிக்காதீர்கள்" என்று எழுதியிருந்தது. திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி ஒரு மக் தண்ணீரோடு நிற்கிறார். குடிப்பதற்கு என்று சத்தியம் செய்தார். இருந்தாலும் அன்று முதல் நான் லேப்டாப் பக்கத்தில் தண்ணீர் வைப்பதில்லை.

மூன்று நாள் கழித்துத் திறந்த வெப்சைட் அற்புதமாக இருந்தது. நெல், நிலக்கடலை, சாமை என்று விதைப் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு கத்திரிக்காய்ப் பாக்கெட் மட்டும் தலைகீழாக நின்றது.

"மேஸ்திரி, தப்பு."

"தப்பு இல்ல சார். திருஷ்டி."

அவர் தரை போட்ட வீடு ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு டைல் மட்டும் திரும்பியிருக்குமாம். பூ மேலே பார்க்க வேண்டியது கீழே பார்க்கும். "கண்ணு வைக்கிறவன் மொதல்ல தப்பத்தான் தேடுவான் சார். தேடிக் கண்டுபுடிச்சிட்டான்னா அங்கியே நின்னுடுவான். மீதி வூட்டுக்குப் போவ மாட்டான்." அதுவும் எல்லோருக்கும் வைக்க மாட்டாராம். மனதுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும்தானாம். பிடிக்காதவர்கள் வீட்டுத் தரையை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாராம்.

அன்று சாயங்காலம் அவர் பஸ் ஏறியதும் நான் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு மண்டியிட்டு முழுத் தரையையும் தேடினேன். நாற்காலியைத் தூக்கி, மேஜையை நகர்த்தி, அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்த்தது. மறுநாள் கேட்டேவிட்டேன்.

"என் ஆபீஸ்ல எந்த டைல் மேஸ்திரி?"

"உங்களுதுல இல்ல சார்."

"ஏன்?"

"அப்ப உங்களப் புடிக்கல" என்றார், தலையைத் திருப்பாமல். "தலமேலயே நின்னுனு இருந்தீங்க."

இந்த உலகத்தில் தன் தரையில் குறையில்லையே என்று வருத்தப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து மாதா கோயில் வெப்சைட். அதில் ஆறு மெழுகுவர்த்திகள் வரிசையாக எரியும். ஒன்று மட்டும் குள்ளம். ஃபாதர் அவரைக் கூப்பிட்டு, "ஏம்பா, மாதாவுக்கே திருஷ்டி கழிக்கிறியா?" என்று கேட்டார். இவர் பணிவாக, "மாதாவுக்கு இல்லீங்க ஃபாதர். போன மாசம் புதுசா பெயின்ட் அடிச்சோமே, அந்தச் செவுத்துக்கு" என்றார். ஃபாதர் சுவரைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஊர்க் கடைகளை நம்பிச் சம்பளம் என்று ஒன்று வராது. எனக்கே வரவில்லை. அப்போதுதான் என்னோடு படித்த ஒருவன் பெங்களூரில் ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னான். படிப்பு கேட்க மாட்டார்கள், வேலையைத்தான் பார்ப்பார்கள். தங்கள் வெப்சைட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுப்பார்கள். அதை அச்சு அசலாக அப்படியே செய்து அனுப்ப வேண்டும். ஒரு பிக்ஸல் பிசகக் கூடாது.

பயோடேட்டாவை அவரே எழுதினார். அனுபவம் என்ற இடத்தில் பதினேழு வருடம் என்று போட்டு, மூன்று கல்யாண மண்டபங்களையும் ஒரு பல் டாக்டர் கிளினிக்கையும் சதுர அடியோடு குறிப்பிட்டிருந்தார். அதைக்கூட விட்டுவிட்டேன். எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ரசமட்டத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் அவர் கையை வைக்கச் சொன்னேன்.

"இதுல திருஷ்டி வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. வச்சீங்கன்னா வேல போச்சு. வேல போச்சுன்னா முட்டி போச்சு."

"நான் வைக்க மாட்டேன் சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து நாள் செய்தார். திரையில் பேப்பர் விளிம்பை வைத்து வைத்து அளந்தார். முடித்த அன்று, "காலையில அனுப்பிடுங்க சார், எனக்குப் பயமா கீது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் பக்கத்தைத் திறந்தேன். அழகு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அவரைத் தெரியுமே. மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகத் தேடினேன். கடைசி வரிசையில் அகப்பட்டது. மூன்றாவது பட்டன் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

ரசமட்டத்தின் மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பட்டனை நானே தூக்கி நேராக நிறுத்தினேன். அனுப்பிவிட்டேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போய் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. வீடியோவில் நேர்முகத் தேர்வு. எங்கள் ஆபீஸிலேயே உட்காரலாம் என்றால் அன்றைக்கு ஆலங்காயத்தில் பராமரிப்பு என்று கரண்ட் கட். "இன்னாத்துக்குக் கவல? நான் படிச்ச எடத்துலயே எழுதுறேன் பரீட்ச" என்று மூன்றாவது வளைவுக்குக் கூட்டிப்போனார். கைப்பிடிச் சுவரில் லேப்டாப். அதற்கு அடியில் சில்லுக்கல் அண்டை. ரசமட்டக் குமிழி நடுவில் வந்த பிறகுதான் சட்டைக் காலர் பட்டனைப் போட்டார். நான் லேப்டாப்புக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு, குரங்குகளை மிரட்டிக்கொண்டு நின்றேன்.

திரையில் ஒரு மேடம் வந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இவர், "மேடம், நீங்க பேசுறது எனக்குப் புரியும். நான் இங்கிலீஷ் பேசுனா உங்களுக்குத்தான் புரியாது" என்றார். மேடம் சிரித்துவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரராம். தமிழுக்கு மாறிவிட்டார்.

"உங்க பக்கத்தை எங்க பக்கத்து மேல வச்சுப் பார்த்தோம். எல்லாமே கச்சிதமா பொருந்துது. கடைசி வரிசையில மூணாவது பட்டன் மட்டும் பொருந்தல. மூணு பிக்ஸல் மேல இருக்கு. ஏன்?"

நான் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

"மேலயா? இருக்காதுங்க மேடம்" என்றார் ரசமட்டம். "உங்களுதுல அந்த பட்டன் ரெண்டு பிக்ஸல் கீழ கீது. நானும் கீழதான் வச்சேன்."

"எங்களுதுல கோணலா? சான்ஸே இல்ல."

"ஒரு பேப்பர் எடுங்க மேடம். விளிம்ப ஸ்கிரீன்ல வைங்க."

மேடம் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டார். கண்ணாடி போட்ட ஒருவர் வந்து வைத்துப் பார்த்தார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் பெங்களூரில் ஒரு கூட்டமே வெள்ளைத்தாளைத் திரையில் ஒட்டிக்கொண்டு குனிந்து நின்றது. எங்கள் பக்கத்தில் மலையிலிருந்து இறங்கிய பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பியது. கண்டக்டர் தலையை நீட்டி, "மேஸ்திரி, பாஸா?" என்று கத்தினார்.

"ஆமா, கோணலாத்தான் இருக்கு" என்றார் மேடம். குரல் இறங்கியிருந்தது. "எத்தனை நாளா இப்படி இருக்குன்னே தெரியல. அப்ப நீங்க இதைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை கையில். நான் குடைக்குப் பின்னாலிருந்து தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன், ஆமாம் என்று வாயசைத்தேன், குடைக்காம்போடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"நான் நிமித்தலீங்க. நிமித்தவும் மாட்டேன். அது உங்க திருஷ்டி. உங்க மேஸ்திரி வேணும்னு வச்சிருக்காரு, அத எடுக்க நான் யாரு? ஒரு வூட்டுக்கு ஒண்ணு போதும்னு என்னுதக்கூட வைக்கல."

மேடம் விழித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் சத்தியத்தை மீறவே இல்லை. அவர் வைத்தது அவருடைய குறை இல்லை, அவர்களுடைய குறை. அச்சு அசலாகச் செய்யச் சொன்னார்கள், அச்சு அசலாகச் செய்தார். கெடுத்தவன் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குடையோடு சுற்றி வந்து லேப்டாப் முன்னால் தலையை நீட்டி, "மேடம், நான்தான் நிமிர்த்தினேன், இவருக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு, பாதுகாப்பு விலகியதைக் கவனித்து, அவருடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பலாமரம் ஏறியது.

"நீங்க யாரு?" என்றார் மேடம்.

"சும்மா குடை புடிக்க வந்தவரு" என்றார் ரசமட்டம்.

பிறகு திருஷ்டி என்றால் என்ன, எதற்கு என்று மேடத்துக்கு முழுதாக விளக்கினார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லைங்க. எங்க ஆளுங்க யாரும் வேணும்னு வைக்கல. தெரியாமதான் வச்சிருக்காங்க" என்றார்.

ரசமட்டத்தின் முகம் மாறியது. "தெரியாமயா?" என்றார். நிஜமான கவலையோடு திரைக்குக் கிட்டே குனிந்தார். "அப்ப நீங்க உடனே ஒரு ஆளப் போடணும்ங்க மேடம்."

போட்டார்கள். அந்த வாரமே கடிதம் வந்தது. கடிதம் வருவதற்கு முன்பே, அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், என்னை ஆபீஸில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று கூட வந்த அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீட்டிய காலைத் தடவியபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆலங்காயம் வரப்போகும்போது வாயைத் திறந்தார்.

"நிமித்துனது பத்தி எனக்கொண்ணும் இல்ல சார். ரெண்டு பிக்ஸல் தூக்க வேண்டிய எடத்துல மூணு தூக்கியிருக்கீங்க. நீங்கல்லாம் இன்னாத்துக்கு வெப்சைட் பண்றீங்க?"

அதன் பிறகு பெங்களூருக்குப் புறப்படும்வரை அதிகம் பேசவில்லை. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. என் அவசரப் புத்தியால் அந்த முட்டி மறுபடி தரைக்குப் போயிருக்கும். கிளம்பும் முன், சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்று சனிக்கிழமை ஆபீஸ் சாவியைக் கேட்டார். நான் ஒடுகத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சாவி கீழே பாயிடம் இருந்தது. "மூணு நாள் மேல யாரும் மிதிக்க வேணாம்னாரு மேஸ்திரி" என்றார் பாய். ஏதோ வெப்சைட்டைக் காயவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது அவர் சொல்படி கேட்போம் என்று மூன்று நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் லேப்டாப்பில் தேடினேன். புதிதாக ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பேனா உருண்டு மேஜைக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தேன். என் நாற்காலிக்கு நேர் கீழே ஒரு டைலில் மட்டும் பூ தலைகீழாகப் பார்த்தது. மற்ற டைல்களின் இடுக்கெல்லாம் என் டீக்கறை படிந்து பழுப்பாக இருக்க, அதைச் சுற்றி மட்டும் சிமென்ட் புத்தம் புது வெள்ளை.

கீழே போய்ப் பாயிடம் கேட்டேன். "ஆமா சார், சனிக்கிழம அர நாள் மேலதான் இருந்தாரு. டைல்ஸ் ஒடச்சு எடுக்குற சத்தம் கேட்டுது. அப்பால என்னக் கூப்ட்டாரு. கீழ குந்துனவரால எந்திரிக்க முடியல. நான்தான் தூக்கி விட்டேன். உங்க கிட்ட சொல்ல வேணாம்னாரு."

மேலே வந்து போன் போட்டேன்.

"மேஸ்திரி, ஆபீஸ்ல ஒரு டைல் தப்பா இருக்கே."

"எல்லாம் கரெக்டாத்தான் கீது சார்" என்றார். "நாற்காலிய மட்டும் எடம் மாத்தாதீங்க."

மாற்றவில்லை. இந்தக் கட்டுரையையும் அந்த டைலின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.